வகுப்பார் சொன்ன குறை எந்தப் பிரேமில் இருக்கிறது? ஸ்டாப் மோஷன் குழுக்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பின்னேரங்களில் பிள்ளைகளோடு சேர்ந்து ஸ்டாப் மோஷன் படம் செய்து வருகிறேன். பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு தரமும் ஒரு படம் (பிரேம்) எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினால் பொருள் தானாக அசைவது போலத் தெரியும், அதுதான் இது. ஐந்தாறு பேர் ஒரு குழு. களிமண் மயில், அட்டை யானை, தீப்பெட்டியில் செய்த லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), யாராவது ஒருவருடைய அப்பாவின் போன், கையில் இருப்பது இவ்வளவுதான். படம் பாதியானதும் ஒருதரம், முடிந்ததும் ஒருதரம் மற்றக் குழுக்களுக்குப் போட்டுக்காட்டுவோம். அவர்கள் குறை சொல்லுவார்கள். அதைக் கேட்ட பிறகு என்ன செய்வது என்பதில்தான் ஒவ்வொரு குழுவும் ஒரே மாதிரி மாட்டுப்படுகிறது. அப்படி மாட்டுப்படும் இடங்களை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். தலைப்புகளில் இருப்பவை பிள்ளைகள் வாயில் வரும் சொற்கள்.

எல்லாத் தலைப்புக்கும் பொதுவான ஒன்று உண்டு. பார்த்த பிள்ளை சொல்லும் குறை பெரும்பாலும் சரியாக இருக்கும். அதே பிள்ளை சொல்லும் தீர்வு பெரும்பாலும் பிழையாக இருக்கும். வயிற்று நோ என்று வருபவர் எங்கே நோகிறது என்பதைச் சரியாகக் காட்டுவார். மருந்தை அவரிடம் கேட்க முடியாது. ஆகவே குறையை முழுதாக ஏற்றுக்கொள்ளுங்கள், தீர்வைப் படத்துக்குள் நீங்களே தேடுங்கள்.

முதலில் ஒரு கொப்பி

குழுவுக்கு ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது கட்டி அட்டை போட்ட பெரிய கொப்பி. அதில் நான்கு நிரல்கள்: எத்தனையாவது செக்கன், பார்த்தவர் சொன்னது, நாங்கள் கண்ட காரணம், செய்த வேலை. இரண்டாவது நிரலில் சொன்னவரின் சொல்லை மாற்றாமல் எழுத வேண்டும். "மயில் லூசு மாதிரிப் போகுது" என்றால் அப்படியே எழுதுங்கள். "மயிலின் அசைவு சீராக இல்லை" என்று திருத்தி எழுதினால் துப்பு போய்விடும். லூசு மாதிரி என்றதில்தான் வேகம் மாறி மாறி வருகிறது என்ற செய்தி இருக்கிறது. மூன்றாவது நிரல் காட்சி நடக்கும்போது காலியாகவே இருக்கட்டும். அங்கேயே காரணம் சொல்லத் தொடங்கினால் அடுத்த பிள்ளை வாய் திறக்காது.

"நல்லா இருக்கு." இதைத் தவிர ஒன்றும் வரவில்லை

முதலில் உங்கள் கேள்வியைப் பாருங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "வடிவா இருக்கு" என்றுதான் பதில் வரும். அது மரியாதை. அதற்குப் பதிலாக "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று கேளுங்கள். கதையைத் திருப்பிச் சொல்லும்போது பிள்ளை எங்கே தடுமாறுகிறதோ, எதை விட்டுவிடுகிறதோ, அங்கே குறை இருக்கிறது. குறை சொல்லாமலே குறை கிடைத்துவிடும்.

கேள்வியை மாற்றியும் வரவில்லை என்றால், படம் போட முன் யார் பேசினார்கள் என்று பாருங்கள். "இது ராத்திரி, யானை வயலுக்க வருது, இவர் பரணில படுத்திருக்கிறார்" என்று குழு முன்னுரை சொல்லிவிட்டால், பார்ப்பவர் படத்தைப் பார்க்கவில்லை, முன்னுரையைப் பார்க்கிறார். படம் எடுத்தவர்கள் காட்சி முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. இது கடுமையான விதி போலத் தெரியும், ஆனால் இந்த ஒன்றை வைத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அப்புறம், ஒரே தரம் போட்டுவிட்டு நிறுத்துகிறீர்களா? முப்பது செக்கன் படத்தில் முதல் பார்வை கதைக்கே போய்விடும். இரண்டாம் தரம் போட்டு, "எங்க நிப்பாட்டச் சொல்லுறியள்?" என்று கேளுங்கள். சொன்ன இடத்தில் நிறுத்திச் செக்கனை எழுதுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மௌனம் என்றால் காரணம் கூச்சம், அல்லது பயம். குறை சொன்னால் நாளைக்கு அவள் தன்னோடு கதைக்க மாட்டாள் என்ற பயம். துண்டுக் கடதாசியில் பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். சில வாரங்கள் அப்படிப் போகட்டும். தங்கள் துண்டில் எழுதியதை வைத்து ஒரு குழு படத்தைத் திருத்தியது என்று கண்ட பிறகு பிள்ளைகள் தாங்களாகவே கையை உயர்த்துவார்கள்.

"வெளிச்சம் கூடிக் கூடிக் குறையுது"

அதிகம் வரும் குறை இது. கூடவே வரும் தீர்வு, "நல்ல போன் எடுங்கோ." போனை மாற்றத் தேவையில்லை. கீழே உள்ள சோதனையை வரிசையாகச் செய்யுங்கள்.

சோதனை ஒன்று: செட்டைத் தொடாமல், ஆட்கள் எல்லோரும் விலகி நின்று, பத்துப் படம் எடுங்கள். வயர் உள்ள இயர்போனைச் செருகி அதன் சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தினால் பல போன்களில் படம் விழும், கிட்டப் போகத் தேவையில்லை. அந்தப் பத்தையும் ஓட்டிப் பாருங்கள்.

*மினுங்கல் நின்றுவிட்டது என்றால்* காரணம் ஆட்கள். குறிப்பாகப் பாடசாலைச் சீருடை. வெள்ளைச் சட்டை ஒரு நல்ல கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். யானையை அசைப்பவர் ஒரு பிரேமில் கிட்ட நிற்பார், அடுத்ததில் தள்ளி நிற்பார். அந்த வித்தியாசம் முழுவதும் படத்தில் விழும். அசைக்கும் இருவரும் கடும் நிறத்தில் ஒரு ரீசேட்டைச் சீருடைக்கு மேலே போட்டுக்கொள்ளட்டும். நிலத்தில் சோக்கால் ஒரு கோடு கீறி, படம் எடுக்கும் ஒவ்வொரு தரமும் எல்லோரும் அதற்கு வெளியே போய் நிற்க வேண்டும். செலவு ஒன்றுமில்லை.

*நிற்கவில்லை, ஆனால் மெதுவாகக் கூடிக் குறைகிறது என்றால்* வெயில். எங்கள் வகுப்பறைகள் பல அரைச்சுவர்க் கட்டடங்கள், வெளிச்சத்தை மறைக்க வழியே இல்லை. ஒரு மேகம் போனாலே தெரியும். களஞ்சிய அறை, கணினி அறை என்று கதவு பூட்டக்கூடிய அறை கேளுங்கள். கிடைக்காவிட்டால் குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டியைச் சரித்து வைத்து, அதற்குள் செட்டை அமைத்து, ஒரு பக்கம் போனுக்கு மட்டும் துளை விட்டு, மேலே கறுப்புத் துணி போடுங்கள். உள்ளே இரண்டு எல்.ஈ.டி. பல்ப். பெட்டிக்குள் சூடேறாமல் பல்பை அட்டையிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும்.

*நிற்கவில்லை, சட்டுச் சட்டென்று மாறுகிறது என்றால்* பல்ப் அல்லது போன். எது என்று அறிய, பல்பை அணைத்துவிட்டு ரோர்ச் லைட்டில் பத்துப் படம் எடுங்கள். ரோர்ச்சில் சரி என்றால் பல்ப்தான். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும், மலிவு எல்.ஈ.டி.களில் இது கடுமையாக இருக்கும். போனில் புரோ மோட் (எல்லாவற்றையும் கையால் அமைக்கும் வசதி) இருந்தால் ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் உள்ளே விழும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 செக்கன் என்று வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பல்பை மாற்றுங்கள். ரோர்ச்சிலும் மினுங்குகிறது என்றால் போன் தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்கிறது. திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் பூட்டுச் சின்னம் வரும். வராவிட்டால் ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியைப் போட்டு எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வைட் பலன்ஸ் (நிறச் சமநிலை) இரண்டையும் பூட்டுங்கள். வைட் பலன்ஸை மறந்தால் வெளிச்சம் நிற்கும், நிறம் ஓடும். யானை ஒரு பிரேமில் நீலம், மற்றதில் மஞ்சள்.

பாடசாலைத் தண்ணீர் மோட்டரைப் போடும் நேரத்தில் மட்டும் வெளிச்சம் இறங்குகிறதா என்றும் பாருங்கள். ஊர் லைன்களில் இது சாதாரணம். மோட்டர் ஓடும் நேரம் படம் எடுக்காதீர்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: பல்பை மாற்றியும் அந்த ஒரு பிளக்கில் மட்டும் மினுங்கினால், அல்லது பிளக் சுட்டால், கருகல் மணம் வந்தால், உடனே மெயினை நிறுத்தி வேலையையும் நிறுத்துங்கள். அதிபரிடம் சொல்லி மின்சார வேலை தெரிந்தவரை எடுங்கள். பிள்ளைகளை வயரில் கைவைக்க விடவே கூடாது.

"எல்லாம் பாயுது, குலுங்குது"

பார்த்தவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "பாய்ஞ்சது மயிலா, மரமா?" மரமும் வீடும் சேர்ந்து பாய்ந்தால் போன் அசைந்திருக்கிறது. மயில் மட்டும் என்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

போன் அசைய மலிவான காரணம் விரல். திரையைத் தொட்டுப் படம் எடுக்கும் ஒவ்வொரு தரமும் அது ஒரு மயிரிழை நகரும். மேலே சொன்ன இயர்போன் பொத்தான் இதற்கும் மருந்து. அடுத்தது அழைப்பும் வைபிரேஷனும். போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். அது அப்பாவின் போன், அவருக்கு வேலை அழைப்பு வரும் என்றால் நேரம் பேசி வாங்குங்கள். அடுத்தது மேசை. கால் ஆடும் மேசையை விடச் சீமெந்து நிலம் எவ்வளவோ மேல். சோளகம் வீசும் மாதங்களில் அரைச்சுவருக்கு மேலால் வரும் காற்று அட்டை மரங்களை ஆட்டும், அதையும் "குலுங்குது" என்றுதான் சொல்வார்கள். மரங்களின் அடியில் ஈரக் களிமண் வையுங்கள். போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைக்காமல், மணல் நிரப்பிய இரண்டு மா பேணிகளுக்கு நடுவே இறுக்கி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் மட்டும் பாய்கிறது என்றால், போன் பின்னேரம் வீட்டுக்குப் போய் மறுநாள் திரும்பி வைத்த இடம் அது. நிலத்தில் போனின் நான்கு மூலையையும் டேப்பால் குறித்து வையுங்கள். மறுநாள் செயலியில் முந்தைய பிரேமை மங்கலாக மேலே காட்டும் வசதியை இயக்கி, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை நகர்த்துங்கள். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ போன்ற செயலிகளில் இது உண்டு. இன்னும் நல்ல வழி, ஒரு காட்சியை ஒரே பின்னேரத்தில் முடித்து, நாள் மாறும் இடத்தில் காட்சியும் மாறும்படி திட்டமிடுவது.

போனை ஒருவரும் தொடாதபோதே திரையில் படம் நடுங்கி, கிட்டக் காதை வைத்தால் மெல்லிய இரைச்சலும் கேட்டால், லென்ஸின் உள்ளே இருக்கும் நடுக்கம் தடுக்கும் பாகம் பழுது. அருகில் காந்தம் இருந்தால் முதலில் அதை அகற்றிப் பாருங்கள். அடங்காவிட்டால் போன் திருத்தும் கடைதான். கொடுக்க முன் எல்லாப் படங்களையும் கணினிக்கு எடுத்துவிடுங்கள்.

"கெதியா முடிஞ்சு போச்சு", "விக்கி விக்கிப் போகுது", "இழுபடுது"

மூன்றும் வேகத்தைப் பற்றியவை. பிள்ளைகள் சண்டை பிடிப்பதும் இங்கேதான், ஏனென்றால் ஒருவர் கெதி என்பார், பக்கத்தில் இருப்பவர் மெது என்பார். இருவரும் உண்மையையே சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் பிரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். சினிமா செக்கனுக்கு 24 பிரேமில் ஓடுகிறது. நாங்கள் 12 வைக்கிறோம், களிமண்ணுக்கும் அட்டைக்கும் அது போதும். செயலியில் தவறுதலாக 5 அல்லது 20 என்று மாறியிருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். அதைத் திருத்தித் திரும்பப் போட்டுக்காட்டுங்கள்.

எண்ணிக்கை சரி என்றால் புள்ளிச் சோதனை. போன் திரைக்கு மேலே தெளிவான பொலித்தீன் ஒன்றை விரித்து ஓரத்தில் ஒட்டுங்கள். படத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, ஒவ்வொன்றிலும் மயிலின் அலகு நுனி இருக்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி. முடிந்ததும் பொலித்தீனைத் தூக்கி வெள்ளைக் கடதாசி மேல் வையுங்கள். புள்ளிகள் நெருங்கி, விலகி, நெருங்கி, பின்னுக்குப் போய் நின்றால், அதுதான் விக்கல். கெதி என்ற பிள்ளை சொன்ன செக்கனையும் மெது என்ற பிள்ளை சொன்ன செக்கனையும் அந்தப் புள்ளி வரிசையில் காட்டுங்கள். ஒருவர் விலகிய இடத்தைச் சொல்லியிருப்பார், மற்றவர் நெருங்கிய இடத்தை. நான் இந்தச் சோதனையை மிகவும் நம்புகிறேன், காரணம் தீர்ப்பை ஆசிரியர் சொல்வதில்லை, புள்ளிகள் சொல்கின்றன.

திருத்துவது கணக்கு வேலை. மேசையில் மயில் 60 சென்ரிமீற்றர் நடக்க வேண்டும், 4 செக்கனில் போக வேண்டும் என்றால் 48 பிரேம், ஒரு பிரேமுக்குச் சராசரியாக ஒன்றேகால் சென்ரிமீற்றர். தொடக்கத்திலும் நிற்கும் இடத்திலும் அதைவிடக் குறைத்து, 3, 5, 8 மில்லிமீற்றர் என்று ஏற்றி இறக்க வேண்டும். கடதாசிக் கீலத்தில் இந்த இடைவெளிகளைக் குறித்து, கேமராவுக்குத் தெரியாமல் மயிலின் பாதை ஓரமாக ஒட்டிவிட்டால் அசைப்பவர் யோசிக்கத் தேவையில்லை.

இப்போது புள்ளிகள் சீராக இருக்கின்றன, ஆனாலும் "கெதியா முடிஞ்சு போச்சு" என்கிறார்கள் என்றால்? இங்கேதான் பிள்ளைகள் சொல்லும் தீர்வை அப்படியே எடுத்துவிடக் கூடாது. "எல்லாத்தையும் மெதுவாக்குங்கோ" என்பார்கள். மெதுவாக்கினால் மயில் தண்ணீருக்குள் நடப்பது போல ஆகிவிடும். உண்மையில் பிழை வேகத்தில் இல்லை, நிறுத்தம் போதவில்லை. மயில் நெல் காயப்போட்ட பாயைக் காண்கிறது, உடனே கொத்துகிறது, உடனே ஓடுகிறது. கண்டதும் ஒரு கணம் நிற்க வேண்டும். தலையைத் திருப்பிய பிரேமைச் செயலியில் பிரதி எடுத்து 10 அல்லது 12 பிரேம் நிறுத்துங்கள், ஒரு செக்கன் கிடைக்கும். புதிதாக ஒரு படமும் எடுக்கத் தேவையில்லை. அதே வகுப்புக்கு அதே படத்தைத் திரும்பப் போட்டால், "இப்ப மெதுவா வடிவா இருக்கு" என்பார்கள். வேகம் மாறவே இல்லை.

"இழுபடுது" என்பது மறுபக்கம். நிற்கும் இடத்தில் கூடுதலாக நிற்கிறது, அல்லது நடையே நீளம். நடை நீளம் என்றால் பாதியை வெட்டுங்கள். மயில் சட்டகத்தை விட்டுப் போகட்டும், அடுத்த காட்சியில் பாயில் நிற்கட்டும். யாரும் அதைத் தவறவிட்டதாகச் சொல்ல மாட்டார்கள்.

"யானை வேற யானை மாதிரி இருக்கு"

உருவம் படம் ஓட ஓட மாறிப்போயிருக்கிறது. வயல் களிமண் காய்ந்து சுருங்கும், வெடிக்கும். இரவில் ஈரத் துணியால் மூடுங்கள். கடையில் வாங்கும் பிளாஸ்டிசின் காயாது, ஆனால் சித்திரை வெயிலில் இளகிக் கால் மடங்கும். உள்ளே கட்டுக்கம்பி வைத்துச் செய்தால் நிற்கும். தொடக்கத்திலேயே யானையின் வெளிக்கோட்டைக் கடதாசியில் கீறி வைத்து, இருபது பிரேமுக்கு ஒருதரம் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். தோலில் விரலடையாளம் ஊர்வது போலத் தெரிகிறது என்று சொன்னால் அதை விட்டுவிடலாம். கையால் செய்த படத்துக்கு அது அழகு என்பது என் எண்ணம்.

"என்ன நடந்தது எண்டு விளங்கேல்ல"

படம் எடுத்த பிள்ளைகளுக்கு அதிகம் நோவது இந்தச் சொல். பல வாரம் உழைத்தவர்கள். உடனே "உங்களுக்கு விளங்கேல்லயெண்டா நாங்க என்ன செய்யிறது" என்பார்கள். கதையை மாற்ற ஓட முன், கதைக்கு வெளியே இருக்கும் காரணங்களைக் கழித்துவிடுங்கள்.

பார்த்த திரை எது? இரவுக் காட்சியைப் பட்டப்பகலில் புரொஜெக்டரில் போட்டால் கறுப்பு யானையும் கறுப்பு வானமும் ஒன்றாகிவிடும். ஒரு போனைச் சுற்றிப் பத்துத் தலை நின்று பார்த்தாலும் அப்படித்தான். வெளிச்சத்தைக் கூட்டி, நாலு பேர் நாலு பேராகக் காட்டிப் பாருங்கள். பரணில் இருப்பவர் அப்போது தெரிந்தால் பிழை கதையில் இல்லை. இருந்தாலும் அந்த யானைக்குப் பின்னால் ஒரு மங்கல் நீலக் கடதாசி போடுவது நல்லது.

இடம் காட்டினீர்களா? யானை ஒரு காட்சி, பரண் ஒரு காட்சி, நெல் ஒரு காட்சி என்று கிட்டக் கிட்ட எடுத்திருப்பார்கள். மூன்றும் ஒரே வயலில் இருக்கின்றன என்று காட்டும் தூரக் காட்சி ஒன்றுகூட இராது. ஒரேயொரு படம் எடுத்து 24 பிரேம் தொடக்கத்தில் நிறுத்தினால் போதும்.

திசையைப் பாருங்கள். "யானை திரும்பிக் காட்டுக்குப் போகுதா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அனேகமாக இது. முதற் காட்சியில் யானை இடமிருந்து வலம் வந்தது. அடுத்ததில் போனைச் செட்டின் மறுபக்கம் வைத்து எடுத்தார்கள், யானை வலமிருந்து இடம் போனது. செட்டில் யானை நேரேதான் நடந்தது, பார்ப்பவருக்குத் திரும்பிவிட்டது. காட்சியைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம்வலம் மாற்றும் வசதி பல எடிட்டிங் செயலிகளில் இருக்கிறது. பெயர்ப்பலகை, எழுத்து எதுவும் சட்டகத்தில் இல்லை என்றால் அதிலேயே தீர்ந்துவிடும். எழுத்து இருந்தால் திரும்ப எடுக்க வேண்டும்.

எழுத்துப் போட்டால் அதைச் சத்தமாக, ஆறுதலாக இரண்டு தரம் வாசிக்கும் நேரம் திரையில் நிற்க வேண்டும். வகுப்பில் மெதுவாக வாசிக்கும் பிள்ளையை வைத்து அளவு எடுங்கள்.

இவ்வளவும் சரி என்றால்தான் கதையில் கை வைக்க வேண்டும். கொப்பியின் இரண்டாம் நிரலில் பிள்ளைகள் திருப்பிச் சொன்ன கதைகளை வரிசையாக வாசியுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்கினால் அங்கே ஒரு சங்கிலி விட்டுப்போயிருக்கிறது. காவலுக்கு இருந்தவர் ஏன் யானையை விரட்டும் வெடியைப் போடாமல் வைத்தார் என்று ஐந்து பேர் கேட்டால், அதற்கு ஒரு காட்சி தேவை. குட்டி யானை ஒன்று பின்னால் நிற்பதை அவர் காண வேண்டும். ஒருவர் மட்டும், மற்றவர் எவரும் வழுக்காத இடத்தில் வழுக்கினால் இன்னும் இரண்டு பேரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

"சத்தம் கேக்கேல்ல"

தகரக் கூரையில் மழை, காற்று, பக்கத்து வகுப்பு. வேறொன்றுமில்லை. மாரி காலத்தில் பாடசாலையில் குரல் பதியாதீர்கள். வீட்டில், உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து அதன் முன்னால் நின்று, போனை ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பேசினால் எதிரொலி அடங்கும். பின்னணி இசையைப் பேச்சு வரும் இடத்தில் பாதிக்குக் கீழே இறக்குங்கள். பேச்சே இல்லாமல் படம் விளங்கினால் பேச்சை எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

"அவன் ஒண்டு சொல்லுறான், இவள் வேற சொல்லுறாள்"

எத்தனை பேர் சொன்னார்கள் என்று வாக்கு எண்ணாதீர்கள். ஒரே செக்கனைப் பற்றியவற்றை ஒன்றாகக் கட்டுங்கள். தீர்வுகள் எதிரெதிராக இருந்தாலும் அவை சுட்டும் செக்கன் ஒன்றாக இருந்தால் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது. ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, முதலில் குறை சொன்னவர்களுக்கே காட்டுங்கள். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. "வேற கதை எடுங்கோ", "கார் ரேஸ் போடுங்கோ" என்பவற்றுக்கு நன்றி சொல்லிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள், அடுத்த படத்துக்கு உதவும்.

குறை கேட்ட பிறகு குழு கதைக்காமல் இருக்கிறது, அல்லது ஒரு பிள்ளை விலகிப்போகிறது

மற்ற எல்லாவற்றையும் விட இதைக் கெதியாகக் கவனிக்க வேண்டும். மினுங்கும் படத்தை அடுத்த கிழமை திருத்தலாம்.

முதலில் குறை யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். "நீ அசைச்ச கால் சரியில்ல" என்று சொல்லியிருந்தால் குற்றவாளி ஒருவர் கிடைத்துவிட்டார். "எட்டாவது செக்கனில கால் நிலத்த விட்டு மேல நிக்குது" என்று சொல்லப் பழக்குங்கள். செக்கனில் தொடங்கினால் ஆளில் முடியாது. இது சின்னப் பிள்ளைகளுக்கும் வரும்.

அடுத்தது, வேலை எப்படிப் பிரிந்திருக்கிறது? போன் யாருடையதோ அவர்தான் எப்போதும் இயக்குநர் என்ற நிலை தானாக வந்துவிடும். போன் இல்லாத வீட்டுப் பிள்ளை வெளிச்சம் பிடிப்பதோடு நிற்கும். அப்புறம் வெளிச்சம் மினுங்குது என்று வகுப்பு சொன்னால் முழுப் பழியும் அந்தப் பிள்ளைக்கு. கேமரா, அசைப்பு, வெளிச்சம், கொப்பி நான்கையும் ஒவ்வொரு காட்சிக்கும் சுற்றி மாற்றுங்கள். கொப்பி பிடிப்பவர் குறைந்தது ஒருதரம் எல்லாக் குறையையும் தன் கையால் எழுத வேண்டும். எழுதிய பிள்ளை குறையைக் கேட்டுக் கோபப்படுவது குறைகிறது என்பதை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

சிரித்தார்களா? சிரிப்பு வந்த செக்கனையும் எழுதுங்கள். சிரிக்க வேண்டிய இடம் என்றால் நல்லது. அழ வேண்டிய இடத்தில் சிரித்தார்கள் என்றால் பெரும்பாலும் அசைவுப் பிழை: விழுந்த உருவம் துள்ளியிருக்கும், முகம் திடீரென்று மாறியிருக்கும். அதைப் பிள்ளையிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். "உன்ர கதைக்குச் சிரிக்கேல்ல, அந்தத் துள்ளலுக்குச் சிரிச்சவை" என்று புள்ளிச் சோதனையோடு காட்டினால் முகம் தெளியும்.

வன்னியில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் வீட்டில் கேட்ட கதைகள் அவர்கள் கையில் இருக்கின்றன. மயில் படம் என்று தொடங்கிய குழுவில் ஒரு பிள்ளை, சாமான் ஏற்றிய ட்ரக்டரையும் அதற்குப் பின்னால் நடக்கும் அம்மம்மாவையும் செய்து கொண்டு வரும். வகுப்பில் இன்னொரு பிள்ளை ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், "ஏன் வீட்டையே ஏத்திக்கொண்டு போகினம்? அந்த இடம் விளங்கேல்ல" என்று கேட்கும். படத்தைப் பொறுத்தவரை அது நியாயமான குறை. ஆனால் அதை மற்றக் குறைகளோடு சேர்த்து வகுப்பின் முன்னால் அலசாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, "இந்தக் காட்சி இருக்கட்டுமா, எடுக்கட்டுமா, இல்லாட்டி நீ மட்டும் வச்சிருக்கப் போறியா?" என்று கேளுங்கள். முடிவு அந்தப் பிள்ளையுடையது, குழு வாக்குக்கு விடக் கூடாது. இருக்கட்டும் என்றால், அப்போதுதான் எப்படி விளங்க வைப்பது என்று பேசலாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: பிள்ளை குழுவுக்கு வராமல் விடுகிறது, மற்றப் பாடங்களிலும் ஒதுங்குகிறது, நித்திரை வராது என்கிறது, சாப்பாட்டை விடுகிறது. இதில் ஒன்றுகூடச் சில நாட்கள் நீடித்தால் படத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டுப் பெற்றோருக்கும் பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்கும் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. ஆறுதல் சொல்லி நாங்களே சமாளிக்கலாம் என்று இழுத்தடிக்க வேண்டாம்.

குறை எல்லாம் சரி, ஆனால் திரும்ப எடுக்க நேரமில்லை

செட்டைப் பிரித்தாயிற்று, நாளை மறுநாள் காட்ட வேண்டும். கொப்பியை எடுத்து ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் "எடிட்டில் முடியும்", "முடியாது" என்று எழுதுங்கள். நிறுத்தம் கூட்டுவது, இழுபடும் நடையை வெட்டுவது, திசை மாற்றுவது, இருளைக் கொஞ்சம் தூக்குவது, சத்தம், எழுத்து, எல்லாம் எடிட்டில் முடியும். ஒரேயொரு பிரேமில் மட்டும் கை தெரிந்தால் அதை நீக்கி முந்தையதைப் பிரதி எடுங்கள், 12 பிரேம் ஓட்டத்தில் யாரும் காண மாட்டார்கள். கடும் மினுங்கலும் போன் நகர்ந்த குலுக்கலும் போனில் திருந்தாது. கணினியில் வீடியோ எடிட்டிங் பழகியவர் இருந்தால் அந்த இரண்டை மட்டும் அவரிடம் கொடுக்கலாம். காசு கேட்டால் கொடுக்க வேண்டாம், அந்தக் காட்சியை வெட்டினால் கதை நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் நிற்கும்.

படங்களை ஒருவருக்கொருவர் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள், அல்லது கேபிளில் கணினிக்கு எடுத்து ஒரு பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். செயலியில் இருக்கும் படைப்பை முழு வீடியோ ஆக்கிய பிறகும் அழிக்காதீர்கள். தவறி அழிந்தால் அந்தப் போனில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் கலரியின் குப்பைக் கூடையைப் பாருங்கள், பல போன்களில் 30 நாள்வரை அங்கே இருக்கும். செயலிக்குள்ளேயே அழிந்தவை அங்கே வராது.